தபசு நாளில் பரீட்சை

அந்தத் தேதியைப் பூமாரி தானே கேட்டு வாங்கியிருந்தாள். வேறு யாராவது செய்த பிழையாக இருந்தால் அவர் மேல் கோபப்பட்டு மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பாள். இதில் கோபப்படுவதற்குக்கூட ஆள் இல்லை.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவள் அப்ரண்டிஸ். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. அதற்கு உதவித்தொகை என்ற பெயரில் மாதாமாதம் ஒரு சம்பளம். சனிக்கிழமை திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பு. ஓர் ஆண்டு இப்படி வேலையும் படிப்புமாக ஓட்டி, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் டயாலிசிஸ் டெக்னீஷியன் என்று சான்றிதழ் கொடுப்பார்கள். சான்றிதழ் வந்தால் அதே மருத்துவமனையில் வேலை உறுதி. வராவிட்டால் ஆவணியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். முதல் நாள் வந்தது போலவே கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வு மதுரையில். பயிற்சி நிலையத்தில் இரண்டு தேதிகளைச் சொல்லி, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஒன்று ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. மற்றது ஊர்க் கோவிலில் அம்பாள் தவம் நிற்கும் திருவிழாவான ஆடித் தபசு நாள், புதன்கிழமை. பூமாரி யோசிக்கவே இல்லை. தபசன்று உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, அவள் கணவன் செல்வக்குமார் ஓட்டுகிற விசைத்தறிகூட அன்று ஓடாது. வேலையில் ஒரு நாளும் குறையாமல் பரீட்சையையும் முடித்துவிடலாம். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கெட்டுப்போன சிறுநீரகத்துக்குத் தபசு விடுமுறை கிடையாது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. போன வருடம் தபசு முடிந்த பிறகுதான் அவள் வேலைக்கே சேர்ந்திருந்தாள்.

அடுத்த வாரத்துக்கான டூட்டியை பெனிட்டா சிஸ்டர் போட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெனிட்டாதான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவள்.

"பரீட்சையா? தபசன்னைக்கா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"லீவு நாளுதானேன்னு நினைச்சேன் சிஸ்டர்."

"யாருக்கு லீவு? ஊருக்கு லீவு. நமக்கு அன்னைக்குத்தான் உயிர் போவும். மதியத்துக்கு மேல ரத வீதிப் பக்கம் ஒரு வண்டி அசையாது. வந்தவுக திரும்பிப் போக முடியாது. அதனால வருசா வருசம் ரெண்டு பேட்ச்சையும் மதியத்துக்குள்ள முடிச்சு அனுப்பிருவோம். ஒரு பேட்ச்சை இறக்கி மறு பேட்ச்சை ஏத்துததுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிரும். கோமதிசங்கர் வேற பொண்டாட்டி பிரசவம்னு லீவுல போயிட்டான். அதான் உன்னை நம்பி இருக்கேன்."

கோமதிசங்கர் மூத்த டெக்னீஷியன். அவன் இல்லாத நாட்களில் அவன் வேலையும் பூமாரியின் தலையில்தான்.

"வார்டுல இருந்து ஷிரின் பானுவைக் கேட்டுப் பாருங்களேன் சிஸ்டர். அவளுக்கு மெஷின் தெரியும்லா?"

"கேக்கேன். அவ வந்தாலும் ஆளுக்கு ரெண்டு மெஷின்தான் பாக்கலாம்னு டாக்டர் சட்டம் வச்சிருக்காரு. ரெண்டும் ரெண்டும் நாலு. முதல் பேட்ச்சுல நாலு பேரு, சரியாப் போச்சு. ரெண்டாவதுல அஞ்சு பேரு. அந்த அஞ்சாவது ஆளை நான் எங்கன கொண்டு வைக்க? வேற தேதி கேட்டுப் பாரு."

"ஆனியில இருந்த தேதி முடிஞ்சு போச்சு. அடுத்த பரீட்சை தை மாசம்."

பெனிட்டா பேனாவை மூடினாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து ஒரு மெஷினை ஓட்ட முடியாது.

டயாலிசிஸ் அறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நான்கு மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருக்கிறவர்களுக்குக் காதைத் தவிர வேறு வேலை இல்லை. ஜன்னலோர மெஷினில் இருந்த முகம்மது இஸ்மாயில் தலையைத் தூக்கினார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவர் பக்கத்திலிருந்துதான் வரும்.

"இதுக்கா இவ்வளவு பேச்சு? என்னைத் தூக்கி மறுநாளைக்குப் போடுங்க சிஸ்டர். வியாழக்கிழமை ஒரு மெஷின் சும்மாதான கெடக்கு?"

"நீங்களா பாய்? வெள்ளிக்கிழமை போயிட்டுத் திங்கக்கிழமை வாரதுக்குள்ளயே உடம்புல தண்ணி சேந்து மூச்சு வாங்கிக்கிட்டு வாரீய. கடைக்கு வாரவுகளுக்கெல்லாம் டீ சொல்லுதேன்னு சொல்லி நீங்க ஒரு கிளாஸ் குடிச்சிருதீயளாமே, உங்க வீட்டம்மா சொன்னாக."

"அவ என்னைக்கு என்னைப் பத்தி நல்லது சொல்லியிருக்கா? ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க மாட்டேனா?"

"உங்களுக்குப் பல்லு எங்கன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பூமாரியும் சிரித்தாள். ஆனால் மாலையில் டாக்டர் எபினேசர் வந்து ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, இஸ்மாயிலை மாற்றவே முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டாம் பேட்ச்சின் மற்றவர்களில் ஒரு பெண்மணிக்குத் தீவிர சிகிச்சையிலிருந்து திரும்பிய உடம்பு. இன்னும் இருவர் முடியாதவர்கள். மிஞ்சியது வாசுதேவநல்லூர் சண்முகையா.

"அவர் தாங்குவாரு. அவருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகுது, தண்ணி விஷயத்துல கட்டுப்பாடான ஆளு" என்றார் டாக்டர். "ஆனா நான் போய்க் கேக்க மாட்டேன் பூமாரி. டாக்டர் கேட்டா நோயாளி மாட்டேன்னு சொல்ல முடியாது. அது சரியில்லை. அவரா வந்து கேட்டா யோசிக்கலாம்."

பூமாரிக்கும் அது சரி என்றே பட்டது. தானும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். அவர் கையில் ஊசியை வைத்துக்கொண்டு அவரிடம் ஓர் உதவி கேட்பது முறையில்லை.

ஆனால் இஸ்மாயிலுக்கு அப்படியொரு தயக்கமும் இல்லை. புதன்கிழமை சண்முகையா அடுத்த மெஷினில் படுத்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் வே, தபசுக்கு மறுநாள் வந்தா உம்ம சொத்து குறைஞ்சிருமா? அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போவணுமாம்."

சண்முகையா அறுபதை நெருங்குகிற விவசாயி. குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர். குளத்தில் தண்ணீர் பெருகினாலும் வற்றினாலும் ஒரே முகம்தான்.

"அன்னைக்கு எனக்குச் சௌகரியப்படாது" என்றார்.

"என்ன அசௌகரியம்?"

"காலையில இங்கன வந்துட்டு, சாயந்தரம் அம்பாளைப் பாத்துட்டு ஒரே பஸ்ஸுல ஊருக்குப் போயிருவேன். மறுநாள்னா ரெண்டு தடவை வரணும். தபசுக் கூட்டத்துல நாக்கு வறண்டு நிக்கணும். நீரு கடைக் கல்லாவுல உக்காந்துக்கிட்டுச் சொல்லிருவீரு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. பூமாரி அந்தப் பக்கமாகவே வராமல் தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் கோவில் வாசலில் நின்று கும்பிட்டாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. யாரோ ஒரு நோயாளி தாகத்தோடு கிடக்க வேண்டும் என்றா அம்பாளிடம் கேட்க முடியும்? ஒன்றும் கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் செல்வக்குமார் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஏழு வயது மகள் மாலா அடுத்த வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை.

"தை மாசம் எழுதிக்கோயேன்" என்றான்.

"அதுவரைக்கும்?"

அவன் செருப்பை மாட்டினான். அவனுக்கும் அன்றைய பகல் தூக்கம் பாதியாகியிருந்தது. பிறகு, "சோத்துக்குத் தண்ணி ஊத்திராத, காலையில வந்து சாப்பிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பூமாரி கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். ஓர் ஆண்டாக அவள் உட்கார்ந்தது குறைவு. விடிவதற்குள் சமையல், பிறகு மருத்துவமனை, சனிக்கிழமை பஸ்ஸில் திருநெல்வேலி, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துத் துணி. படித்ததெல்லாம் பஸ்ஸில்தான். மானூர் தாண்டியதும் கண் சொக்கும், பாதிப் பாடத்தில் புத்தகம் மடியில் விழும். வகுப்பில் கூட இருந்தவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்து வயது சிறியவர்கள். இவ்வளவையும் இழுத்துக்கொண்டு வந்து, கரையில் கால் வைக்கும் நேரத்தில் இப்படி ஆயிற்றே என்று அழுகை வரும் என எதிர்பார்த்தாள். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சண்முகையாவுக்கு அவள்தான் ஊசி போட வேண்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாய் புடைத்து நிற்கும் இடத்தில் விரலை வைத்தாள். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது.

"இறுக்கிக்கிடுங்க அண்ணாச்சி, குத்தப் போறேன்."

இரண்டு ஊசியும் ஒரே தடவையில் இறங்கின. குழாய்களை இணைத்து, பிளாஸ்திரி ஒட்டி, மெஷினை ஓடவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக ஊசி இறங்கியதும் கண்ணை மூடிவிடுகிறவர்.

"எம்மா, நீ என்ன படிப்புத்தான் படிக்கே? நர்ஸு படிப்பா?"

"இல்ல அண்ணாச்சி. டெக்னீஷியன். இந்த மெஷின் வேலை."

"அப்ப சம்பளம் யாரு குடுக்கா?"

"ஆஸ்பத்திரில குடுக்காக. அதுல ஒரு பங்கு கவர்மெண்டுல இருந்து வருமாம். வேலை பாத்துக்கிட்டே படிக்கிறது அண்ணாச்சி. இங்கன செய்யுதது பாதிப் படிப்பு, சனிக்கிழமை கிளாஸுல உக்காருதது மீதி."

"படிக்கிறதுக்கு நீ துட்டுக் கட்டலை?"

"இல்ல."

"சம்பளமும் வாங்கிக்கிட்டு, என் கையில குத்திக் குத்திப் படிச்சிருக்கே."

பூமாரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் அது உண்மைதான். "ஆமா அண்ணாச்சி" என்றாள்.

இஸ்மாயில் பக்கத்திலிருந்து கூவினார். "வே, பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை மாதிரி இந்த ஆஸ்பத்திரிக்கு உம்ம கை!"

"நீரு சும்மா கெடயும். கார்த்திகை மாசம் என் கை இருந்த இருப்பு உமக்கென்ன தெரியும்? கத்தரிக்கா மாதிரி ஊதாப் பூத்துப் போச்சு. ஊருல கேக்கான், யாருட்ட அடி வாங்கிட்டு வாரீருன்னு. ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்டன்னா சொல்ல முடியும்?"

அது பூமாரிக்கும் நினைவிருந்தது. முதல் மாதங்களில் ஊசி குழாயைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். ரத்தம் உள்ளே கசிந்து வீங்கும். சண்முகையா அறை அதிரக் கத்துவார். அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவர் கையில் பிடித்துக்கொண்டு, அழுவது தெரியாமல் குனிந்து நிற்பாள். ஆனாலும் அடுத்த முறை அவள் ஊசியோடு வரும்போது அவர் கையை இழுத்துக்கொண்டதில்லை. கத்திக்கொண்டேதான் நீட்டுவார்.

அவள் வெளியே போய்க் கதவை ஒட்டிய மண்பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அந்தப் பிரிவில், அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டிய நோயாளிகள் கண்ணெதிரே யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, வழக்கம்.

திரும்பி வந்தவளிடம் சண்முகையா, "ஒளிஞ்சு நின்னு குடிச்சா மடக்கு மடக்குன்னு முழுங்குத சத்தம் எங்களுக்குக் கேக்காதாக்கும்?" என்றார். சற்று நேரம் கழித்து, "சரி, பரீட்சைக்குப் போகலைன்னா என்ன செய்வாக?" என்று கேட்டார்.

"ஆவணியில ஒப்பந்தம் முடிஞ்சிரும் அண்ணாச்சி. போயிர வேண்டியதுதான்."

"உன் இடத்துக்கு?"

"வேற பிள்ளை வரும்."

"படிச்சு முடிச்ச பிள்ளையா?"

"இல்ல. என்னை மாதிரித்தான். புதுசா."

சண்முகையா கூரையைப் பார்த்தார். மெஷினில் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று குரலை உயர்த்தினார்.

"சிஸ்டர்! பெனிட்டா சிஸ்டர்! இங்கன வாங்க!"

பெனிட்டா என்னவோ ஏதோவென்று ஓடி வந்து மெஷினைத்தான் முதலில் பார்த்தாள்.

"நான் தபசுக்கு மறுநாள் வாரேன். எழுதிக்கிடுங்க."

"அன்னைக்குக் கேட்டப்போ முடியாதுன்னீய?"

"அன்னைக்கு விவரம் தெரியாது. இந்தப் பிள்ளை போயிட்டா வேற ஒண்ணு புதுசா வருமாம்லா? அது ஆவணியில இருந்து தை வரைக்கும் என் கையில குத்திப் படிக்கும். நமக்குத் தாங்காது தாயி. ஒருத்தியைப் பழக்கிவிட்டதே போதும்."

பெனிட்டா வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் பூமாரி. "கூட்டத்துல நிக்கணும், வெயில் வேற. மூச்சு முட்டிருச்சுன்னா என்ன செய்ய? நான் தையில எழுதிக்கிடுதேன்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? என் கைக்காகச் சொல்லுதேன். அம்பாள் அன்னைக்கு ஒத்தக்கால்ல நிக்கா, நான் ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்க மாட்டேனா? போ, போயி அந்த மெஷினு கத்துது பாரு."

உலகத்தில் பல நல்ல காரியங்கள் எரிச்சலான குரலில்தான் நடக்கின்றன. நன்றி கேட்டு நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு சிடுசிடுப்பை முன்னால் நிறுத்திவிட்டு, அதன் பின்னால் கொடுப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். கடவுளுக்கு அந்த முகவரி தெரியும். பூமாரிக்கு அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. மெஷின் உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் சண்முகையாவிடம் தனியாகப் பேசினார். எவ்வளவு தண்ணீர், என்னென்ன சாப்பிடக்கூடாது, இளநீர் பக்கமே போகக்கூடாது, மூச்சு லேசாக வாங்கினாலும் அந்த நிமிடமே வந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தன் செல்பேசி எண்ணையும் கொடுத்தார். சண்முகையாவின் மனைவி சங்கரம்மாளுக்கும் போனில் அதையே சொன்னார்.

தபசன்று விடியலில், ராஜபாளையம் சாலையில் ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் நிறுத்தத்தில் பூமாரி நின்றாள். வருகிற பஸ்ஸிலெல்லாம் படிவரை கூட்டம். மூட்டையில் வத்தலும் பருத்தியும் கட்டிக்கொண்டு, அம்பாள் மேல் வீசிச் சூறை விடுவதற்காகக் கிராமத்து ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஊரை விட்டுப் போகிற பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநரைத் தவிர நாலு பேர்தான். "தபசை விட்டுட்டு எங்கம்மா போறீங்க?" என்று நடத்துநர் கேட்டார். பரீட்சைக்கு என்று சொன்னாள். அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்தார். ராஜபாளையம் வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

மதுரையில் தேர்வு நடந்த அறை குளிரூட்டப்பட்டிருந்தது. மெஷினைத் தயார் செய்வது, குழாய்களைக் கழுவிக் காற்றை வெளியேற்றுவது எல்லாம் கை தானாகச் செய்தது. ஊசி போடுவதற்கு ஒரு ரப்பர் கையை வைத்திருந்தார்கள். மேசை மேல் தனியாகக் கிடந்தது அது. பூமாரி குழாய் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். அதிர்வு இல்லை. ஊசியை எடுத்ததும் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"இறுக்கிக்கிடுங்க அண்ணாச்சி, குத்தப் போறேன்."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மேசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். பூமாரிக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில், ரத்த அழுத்தம் திடீரென இறங்கினால் எதை முதலில் செய்வாய் என்ற கேள்விக்கு இரண்டாவதை முதலில் சொல்லி, பிறகு திருத்தினாள். தேர்வாளர் அதை எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது நன்றாகச் செய்தோமா இல்லையா என்றே தெரியவில்லை. கால் வலித்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது மாலையாகிவிட்டது. ஊருக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். நடந்தாள். தெற்கு ரத வீதியை நெருங்க நெருங்க நடப்பது நின்று, கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. தலைகளுக்கு மேலே வெள்ளைப் பருத்தி பறந்தது. சங்கரநாராயணராகச் சாமி காட்சி கொடுக்கிற நேரம். "அம்மா, தாயே" என்று ஆயிரம் வாய்கள் ஒன்றாகக் கூவின. பூமாரியின் உயரத்துக்கு ஒரு குடையின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நீர்மோர்ப் பந்தலில் யாரோ ஒரு தம்ளரைக் கையில் திணித்தார்கள். வாய்வரை கொண்டுபோன பிறகு சண்முகையா இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ நிற்கிறார் என்ற நினைப்பு வந்தது. அவர் கண்ணிலும் இந்தப் பந்தல் பட்டிருக்கும். அவள் குடிக்காமல் இருந்தால் அவர் தாகம் குறையப்போவதில்லை. குடித்தாள். குடித்துவிட்டு, அந்த மனுசனுக்கு இந்த ராத்திரி லேசாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அன்று அவள் அம்பாளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் சண்முகையா படியேறி வரவில்லை. சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுவந்தார்கள். முகம் ஊதியிருந்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். "தண்ணி கொஞ்சம் சேர்ந்திருக்கு. பயப்படாதீங்க. பூமாரி, சீக்கிரம் ஏத்து."

ஏற்றினாள். இரண்டு ஊசியும் இறங்கிய பிறகுதான் தன் கை குளிர்ந்திருப்பது தெரிந்தது. பெனிட்டா பின்னால் வந்து அவள் முதுகில் கையை வைத்துவிட்டுப் போனாள். மெஷின் ஓட ஓட, கொஞ்சம் கொஞ்சமாக அவர் மூச்சு சீரானது.

சங்கரம்மாள் கட்டிலோரம் நின்றிருந்தாள். "ராத்திரி பூராவும் ஜன்னலோரத்துல உக்காந்தே இருந்தாவ. ஈரத் துணியை உதட்டுல வச்சு வச்சு எடுத்தேன். டாக்டருக்குப் போன் போடுதேன்னா, போடாத, விடிஞ்சிரட்டும்ங்காவ." குரலில் குற்றம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நீ பரீட்சை எழுதிட்டியாம்மா?"

"செஞ்சிட்டேன் அம்மா."

"அப்பச் சரி."

சண்முகையா கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு பேரும் அந்தாலே போயிப் பேசுங்க. தூங்க விடுங்க" என்றார்.

ஆவணி பிறந்து முடிவு வந்தது. பெனிட்டாவின் செல்பேசிக்குத்தான் முதலில் வந்தது. இஸ்மாயிலுக்குத் தெரிந்த மறு நிமிடம் அறைக்கே தெரிந்தது. "பாஸு! நம்ம பிள்ளை பாஸு! யாருக்கெல்லாம் டீ?" என்று கேட்டுவிட்டு, பெனிட்டா பார்த்த பார்வையில், "அவுகளுக்குத்தான், எனக்கில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

சண்முகையாவுக்கு அன்று இரண்டாம் பேட்ச். பூமாரி கையுறையை மாட்டிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"தேறிட்டேன் அண்ணாச்சி. வேலை போட்டுட்டாக."

"ம்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தயங்கினாள். ஆனால் அவர் எதற்காக அந்த இரவைத் தாங்கினாரோ அதில் அவரை ஏமாற்றக் கூடாது என்று பட்டது. "ஒண்ணு சொல்லணும். நான் பாஸானாலும் இந்த வருசமும் அப்ரண்டிஸ் எடுக்காக. அடுத்த வாரம் புதுசா ஒரு பிள்ளை வருது. எனக்கு இது நேத்துத்தான் தெரியும் அண்ணாச்சி. உங்ககிட்ட மறைக்கலை."

"எனக்குத் தெரியும்லா."

"தெரியுமா?"

"நாலு வருசமா இங்கன படுத்துக் கெடக்கேன். வருசத்துக்கு ஒண்ணு வரத்தான செய்யுது. உனக்கு முந்தி இளையரசனேந்தல் பையன் ஒருத்தன் வந்தான். அவன் உன்னைவிட மோசம்." கையை நீட்டினார். "பேசிக்கிட்டே நிக்காத. நேரமாகுது."

பூமாரி அவர் கையைப் பிடித்தாள். விரலுக்கு அடியில் ரத்தம் அதிர்ந்தது. கண்ணீர் மறைத்ததால் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். கண் தெளிந்த பிறகுதான் ஊசியை எடுத்தாள். மற்ற நான்கு பேரும் அவரவர் கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.